முடி கொட்டும் நாய்க்கு என்ன வாங்குவது: பிளேடா, ரேக்கா, ஸ்லிக்கரா?

சோபாமுடி

ஜெர்மன் ஷெப்பர்ட், ஆண், 4 வயசு, 34 கிலோ. நடுத்தர நீள ரோமம். பிடரியிலும் பின்தொடையிலும் அடர்த்தி அதிகம். வருஷம் முழுக்கக் கொட்டுகிற முடி, மூன்று வாரமாகக் கொத்துக் கொத்தாக வருகிறது. கையில் இருப்பவை இரண்டு: ரப்பர் முள் வைத்த கையுறை, பிளேடு வைத்த டீஷெட்டிங் (கொட்டும் முடியை வாரி எடுக்கும்) கருவி. கையுறையில் மேலாகக் கொஞ்சம்தான் வருகிறது. பிளேடில் மூட்டை மூட்டையாக வருகிறது, ஆனால் முதுகில் பளபளப்பு போய், எலி கொறித்த மாதிரி ஏற்ற இறக்கமாகத் தெரிகிறது.

1) பிளேடை நிறுத்திவிடவா?
2) ரேக் (குறுக்குக் கட்டையில் நீளப் பல் வரிசை), ஸ்லிக்கர் (மெத்தையில் மெல்லிய கம்பிகள் நெருக்கமாகப் பதித்த பிரஷ்), பின் பிரஷ் (குண்டூசி போன்ற முள் வைத்த பிரஷ்), ஸ்டீல் சீப்பு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எல்லாமே வேண்டுமா?
3) பேசாமல் வெயில் காலத்துக்கு மொத்தமாக மழித்துவிட்டால்?

சீப்பும்கையும்

மூன்றாவதற்கு: வேண்டாம். ஏன் என்று தோல் விஷயம் தெரிந்தவர்கள் வந்து சொல்லட்டும்.

முதல் கேள்விக்குப் பதில் உங்கள் பிளேடிலேயே சிக்கிக் கிடக்கிறது. அடுத்த முறை வாரும்போது வருகிற முடியைக் குப்பையில் போடாதீர்கள். முதுகிலிருந்து வந்ததில் ஒரு சிட்டிகை எடுத்து, பாதியை வெள்ளைத் தாளிலும் பாதியைக் கறுப்புத் துணியிலும் பரப்புங்கள். ஷெப்பர்டுக்கு இரண்டு அடுக்கு ரோமம். உள்முடி மெல்லிசாக, நெளிநெளியாக, வெளிறிய சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தில் பஞ்சு போல இருக்கும். மேல்முடி நேராக, விறைப்பாக, நிறம் தெளிவாக, பளபளப்போடு இருக்கும். துணியில் உள்முடி பளிச்சென்று தெரியும், தாளில் மேல்முடி தெரியும். அதற்குத்தான் இரண்டும்.

இப்போது தாளில் உள்ள நேரான முடிகளில் பத்தை எடுத்து இரு முனையையும் பாருங்கள். ஃபோன் கேமராவைப் பெரிதாக்கினாலும் போதும், கைலென்ஸ் இருந்தால் நல்லது. தானாகக் கழன்ற முடிக்கு ஒரு முனை ஊசி போலக் கூர்ந்து முடியும். மறுமுனையில் வெளிறிய சின்னக் குமிழ் இருக்கும். அது வேர்ப்பக்கம். குமிழே இல்லாமல் ஒரு முனை மொட்டையாக நறுக்கென்று நின்றால் அது கொட்டிய முடி கிடையாது, வெட்டுப்பட்ட முடி. பத்தில் நாலைந்து அப்படி இருந்தால் கருவி வாரவில்லை, அறுக்கிறது. மூட்டையைப் பார்த்து மகிழ ஒன்றுமில்லை.

எந்தக் கருவிக்கும் இதே சோதனைதான். பஞ்சு மட்டும் வந்தால் சரியான கருவி. நேரான முடி நிறைய, அதுவும் குமிழில்லாமல் வந்தால் தப்பான கருவி, அல்லது தப்பான கை.

நாலுகால்

பிளேடு மேல எல்லாரும் பாயுறாங்க. கருவி மேல தப்பில்ல, பிடிக்கிற விதத்துல தப்பு. அந்த பிளேடு அடிப்படையில் கிளிப்பர்ல (முடி வெட்டுற மெஷின்) இருக்கிற பல் பிளேடு மாதிரிதான். தோலுக்குப் படுக்கையா வச்சு, முடி வளர்ற திசையிலேயே, கருவியோட சொந்த எடையில மட்டும் இழுத்தா உள்முடியைக் கவ்விட்டு வரும். நிமிர்த்திப் பிடிச்சு அழுத்தினா விளிம்பு முடியைச் சுரண்டும். அதே இடத்துல திரும்பத் திரும்ப ஓட்டினா, உள்முடி தீர்ந்த பிறகு கவ்வுறதுக்கு மேல்முடிதான் மிச்சம். அதை அறுக்காம என்ன செய்யும்?

இன்னொண்ணு: ஃபர்மினேட்டர்ங்கிற பிராண்டு மாதிரி பிளேடுல நீள முடிக்கு ஒண்ணு, குட்டை முடிக்கு ஒண்ணுன்னு ரெண்டு வகை உண்டு. 5 செ.மீ.க்குக் கீழ, மேலன்னு பிரிப்பாங்க. பல்லோட நீளம் மாறும். நீள ரோமத்துக்குக் குட்டைப் பல்லை வாங்கினா மேலோட்டமா உரசும். லாப்ரடார், பீகிள் மாதிரி குட்டையா நெருக்கமா இருக்கிற ரோமத்துக்கு வாரம் ஒரு தடவை, முழு உடம்புக்கும் சேர்த்துப் பத்து நிமிஷம்: இதுக்கு மேல ஓட்டாதவரைக்கும் பிளேடு நல்ல வேலைக்காரன்தான்.

சீப்பும்கையும்

லாப்ரடாருக்கு ஒப்புக்கொள்கிறேன். நடுத்தர நீள ஷெப்பர்டுக்கு ஒப்பவில்லை. நீளம் கூடக் கூட பல் இடுக்கில் மேல்முடி மடங்கி மாட்டும் வாய்ப்பும் கூடும். சரியாகப் பிடித்தாலும் மாதக்கணக்கில் ஓட்டினால் முதுகு மெலியும். முதுகும் விலாவும்தான் முதலில் காட்டும். நாம் அதிகம் வாருவதும் அங்கேதான், நாய் அசையாமல் காட்டுவதும் அங்கேதான்.

இந்த நாய்க்கு உள்முடி எடுக்க வேண்டியது ரேக். அதைக் கடையில் கண்ணால் பார்த்து வாங்கக் கூடாது, அளந்து வாங்கணும். ஒரு தீக்குச்சியின் மருந்தில்லாத முனையைப் பிடரி ரோமத்துக்குள் நேராக, மெதுவாக, தோலில் முட்டும்வரை விடுங்கள். ரோமத்தின் மேல்மட்டம் வருகிற இடத்தில் நகத்தால் பிடித்து வெளியே எடுத்து ஸ்கேலில் வையுங்கள். ரோமத்தை விரலால் அமுக்கிவிட்டு அளக்காதீர்கள், தானாக நிற்கிற உயரம் வேண்டும். இதையே முதுகு, பின்தொடை, விலா என்று நாலு இடத்தில். ரேக்கின் பல் அந்த ஆழத்தில் அதிகமானதைவிட 3 முதல் 5 மி.மீ. நீளமாக இருக்க வேண்டும். குறைந்தால் பல் தோலடிக்குப் போகாது. குறுக்குக் கட்டை மேல்முடியைத் தேய்த்துக்கொண்டே போகும். பலர் ரேக் வாங்கிவிட்டு 'ஒன்றும் வரவில்லை' என்று அழுத்தத் தொடங்குவது இதனால்தான்.

பல்லின் நுனி உருண்டையாக இருக்க வேண்டும். உங்கள் முன்கையின் உட்புறத்தில் நாய்க்குக் கொடுக்கும் அழுத்தத்திலேயே மூன்று முறை இழுங்கள். வெள்ளைக் கோடு விழுந்து மறைந்தால் பரவாயில்லை. சிவந்த கோடு நின்றால் நாய்க்கும் அதுதான். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பல் என்றால் நடுவில் ஒரு ஒட்டுக்கோடு இருக்கும். விரல்நுனியால் தடவினால் உறுத்தும், அதுவும் முடியை அறுக்கும். பல் தன் அச்சில் சுழல்கிற வகை கொஞ்சம் கூடுதல் நல்லது, முடி முறுக்கிக்கொள்ளும்போது பல் விட்டுக்கொடுக்கும்.

இரண்டு வரிசைப் பல்லா, ஒரு வரிசையா? கொட்டும் காலத்தின் உச்சத்தில் ஒரு வரிசை, அகல இடைவெளி. இரட்டை வரிசை அப்போது சீக்கிரம் அடைத்துக்கொண்டு இழுக்கும். பாதி முடி போனபிறகுதான் அதற்கு வேலை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஒரு வரிசை.

'ரேக்' என்ற பெயரில் இன்னொரு சாமான் விற்கிறது, கவனம். பல் அரிவாள் போல வளைந்து, வளைவின் உட்புறம் கூராக இருக்கும். அது சிக்கு அறுக்கும் கருவி, உள்முடியை மெலியவைக்கும் கருவி. விரல் வைத்துப் பார்த்து வாங்குங்கள். ஷெப்பர்டின் முதுகில் அதை ஓட்டினால் இப்போதைய எலி கொறித்ததெல்லாம் ஒன்றுமே இல்லை.

குட்டைரோமம்

டால்மேஷனுக்கும் இதே ரேக் சரியா? முடி சின்னதுதான், ஆனா சோபாத் துணியில ஊசி மாதிரிக் குத்திக்கிட்டு நிக்குது, தட்டினாலும் போகல.

சீப்பும்கையும்

வேண்டவே வேண்டாம். கவ்வ அங்கே பஞ்சு உள்முடி அடுக்கே கிடையாது. ரேக்கும் பிளேடும் தோலைத்தான் கீறும். உங்களுக்கு ரப்பர் கர்ரி பிரஷ், குட்டையான தடித்த கூம்பு முள் வைத்தது. சின்ன வட்டமாகச் சுழற்றி முடியைக் கிளப்புங்கள், பிறகு பன்றிமுடி பிரஷால் வளரும் திசையில் தள்ளுங்கள், கடைசியில் ஈரம் பிழிந்த துணி ஒரு முறை. வாரத்தில் மூன்று நாள், ஐந்து ஐந்து நிமிஷம். குளிப்பாட்டும்போது ஷாம்பு நுரையிலேயே அந்த ரப்பரை ஓட்டினால் பாதி வேலை முடிந்தது. பாக்ஸருக்கும் இதேதான். பக் மட்டும் பார்வைக்குக் குட்டை ரோமம், ஆனால் பழுப்பு நிறப் பக்கில் பெரும்பாலும் உள்முடி உண்டு. அதற்கு ரப்பரோடு நுண்பல் சீப்பும் சேர்க்கலாம்.

தோல்பார்

மழிப்பது பற்றி. இரட்டை ரோம நாயை மழித்தால் முடி கொட்டுவது நிற்காது; கொட்டும் முடியின் நீளம்தான் குறையும். 5 செ.மீ. முடியைத் துடைப்பத்தால் பெருக்கிவிடலாம், 5 மி.மீ. முடி துணிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு முடிக்கும் வளர்ச்சி, ஓய்வு, உதிர்வு என்று தனிச் சுழற்சி இருக்கிறது. நுனியை வெட்டுவதால் வேரில் நடப்பது மாறாது.

இரண்டாவது, திரும்ப வளர்வது. மேல்முடியின் ஓய்வுக்காலம் நீளமானது. மழித்த இடத்தில் உள்முடி முந்திக்கொண்டு வளர்ந்து, மேல்முடி பின்தங்கி, கம்பளி போலத் திட்டுத் திட்டாக நிற்கலாம். ஹஸ்கி, மலமூட், சமோயெட், பொமரேனியன் போன்ற அடர்ந்த ரோம இனங்களில் மழித்த இடம் பல மாதங்கள் அப்படியே நின்றுவிடுவதும் உண்டு. மழித்தபின் வரும் ரோம இழப்பு என்று தோல் மருத்துவத்தில் இதற்குத் தனிப்பெயரே இருக்கிறது. மேல்முடி வெயிலையும் தண்ணீரையும் தடுக்கும் கூரை. உள்முடியைச் சுத்தமாக எடுத்துவிட்டு மேல்முடியை விட்டால் காற்று தோல்வரை போய்வரும். வெயிலுக்குச் செய்ய வேண்டியது அவ்வளவுதான். அறுவை சிகிச்சைக்கோ, தோலோடு ஒட்டிப்போன சடைக்கோ மழிப்பது வேறு கணக்கு.

'வருஷம் முழுக்க' என்று எழுதியிருக்கிறீர்கள். ரோமம் மாறும் பருவத்தைப் பெரிதும் தீர்மானிப்பது பகல் வெளிச்சத்தின் நீளம். இரவிலும் விளக்கொளியில், ஒரே சீரான வெப்பத்தில் வீட்டுக்குள் வாழும் நாய்க்கு அந்தக் கணக்கு மங்கிவிடும். ஆண்டு முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டும், பருவத்தில் கூடும். இது இயல்பு. பெண் நாய்களுக்குப் பருவச் சுழற்சிக்குப் பின்னும், குட்டி போட்டபின்னும் ஒரு பெரிய கொட்டு இருக்கும்.

எந்தச் சீப்பும் தீர்க்காத கொட்டு ஒன்று இருக்கிறது, அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரோமத்தை விலக்கினால் தோல் வழவழப்பாக, வாசனையில்லாமல், இரு பக்கமும் ஒரே அடர்த்தியாக இருந்தால் கவலை இல்லை. வட்டத் திட்டு, அதன் ஓரத்தில் செதிலும் உடைந்த முடியும் இருந்தால் படர்தாமரை சந்தேகம். அது மனிதருக்கும் ஒட்டும், சீப்பு வழியாக அடுத்த நாய்க்கும் போகும். இரு விலாவிலும் ஒரே மாதிரி மெலிந்து, வால் எலிவால் போல வெறுமையாகி, தின்பது கூடாமலே எடை ஏறி, மந்தமாகப் படுத்திருந்தால் தைராய்டு சுரப்புக் குறைவுக்குச் சோதிப்பார்கள். வாலடியில் மட்டும் கடித்துக் கடித்து முடி போனால் தெள்ளுப்பூச்சி. பேன் சீப்பு போல நெருங்கிய பல் உள்ள சீப்பால் வாலடியை வாரி, வரும் கறுப்புத் துகளை நனைத்த வெள்ளைக் காகிதத்தில் தட்டுங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது பூச்சியின் கழிவு, உள்ளே இருப்பது செரித்த ரத்தம். கரையாமல் கறுப்பாகவே கிடந்தால் வெறும் மண். இவற்றில் எது தெரிந்தாலும் ரேக்கைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

சோபாமுடி

எல்லாம் பார்த்தாச்சு. தோல் சுத்தம், திட்டு இல்லை, வாலடியில் துகள் இல்லை. முதுகு முடியில் பத்துக்கு ஆறு குமிழ் இல்லாமல் மொட்டை! பிளேடு பெட்டிக்குள் போய்விட்டது. அளவு: பிடரி 3.5 செ.மீ., பின்தொடை 4, முதுகு 2, விலா 2.

ரேக் 4.5 செ.மீ. பல்லா? அவ்வளவு நீளப் பல் முதுகில் குத்தாதா? காதுக்குப் பின்னால் ஒரு சடை, பாக்கு அளவு. அதையும் ரேக்கிலேயே எடுத்துவிடலாமா?

சீப்பும்கையும்

4.5 கிடைக்கவில்லை என்றால் அலைய வேண்டாம். கடையில் வரும் ரேக்கின் பல் பெரும்பாலும் அதைவிடக் குட்டை. முதுகு, விலா, பிடரிக்கு ஏற்ற நீளத்தில், 3.8 முதல் 4 செ.மீ.க்குள், ஒன்று வாங்குங்கள். பின்தொடைக்கு ரேக் தேவையில்லை, அங்கே ஸ்லிக்கரும் சீப்பும். முதுகில் நீளப் பல் குத்துமா என்றால், பல்லை நேர்குத்தாக இறக்கினால் குத்தும். கைப்பிடியைச் சாய்த்து, பல் தோலுக்கு 45 டிகிரி போலப் படுத்து வரும்படி இழுங்கள். ஒரு இழுப்பு ஒரு சாண் போதும். கழுத்திலிருந்து வால்வரை ஒரே இழுப்பாக இழுத்தால் கடைசியில் சேர்ந்த முடிமூட்டைதான் தோலை இழுக்கும். ஒவ்வோர் இடத்திலும் நாலைந்து இழுப்பு. முதல் இழுப்பில் வந்ததில் கால்வாசிகூட வரவில்லையா, அந்த இடம் முடிந்தது, நகருங்கள். முழங்கை, கணுக்கால், வயிறு, முலைக்காம்பு, வால்நுனி ஆகிய இடங்களில் ரேக் கூடவே கூடாது. எலும்பும் மெல்லிய தோலும் உள்ள இடங்கள் அவை.

சடையை ரேக்கால் தொடாதீர்கள். சடை என்பது கொட்டிய உள்முடி வெளியே போகாமல் நின்ற முடியைச் சுற்றிப் பின்னிக்கொண்டது. ரேக் பல் அதில் மாட்டினால் மொத்தமும் தோலோடு இழுபடும். நாய்க்கு ஒரு தடவை வலித்தால் அடுத்த மாதம் பிரஷைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில்.

செய்வது இப்படி: சிக்கெடுக்கும் ஸ்ப்ரேயோ, தண்ணீரில் கரைத்த கண்டிஷனரோ சடையில் மட்டும் படும்படி அடித்து இரண்டு நிமிஷம் விடுங்கள். இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சடைக்கும் தோலுக்கும் நடுவே முடியை இறுகப் பிடித்திருக்க வேண்டும், இழுப்பு முழுதும் உங்கள் விரலில் நிற்கும், தோலுக்குப் போகாது. வலது கையால் சடையை நீளவாக்கில் இரண்டாக, நாலாகப் பிய்த்துப் பிரியுங்கள். பிறகு சீப்பின் கடைசி இரண்டு பல்லால் நுனியிலிருந்து தொடங்கி, பிரியப் பிரிய வேரை நோக்கி. கத்தரிக்கோல் வேண்டாம். சடை தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்திருக்கும். முடி எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. காதுக்குப் பின்னால் தோல் வேறு காகிதம் மாதிரி. பத்து நிமிஷத்தில் பிரியாவிட்டால் கிளிப்பரில் 10 எண் பிளேடு போட்டு, சடைக்கு அடியில் தோலை ஒட்டிப் படுக்கையாக ஓட்டி எடுத்துவிடுங்கள். ஏறத்தாழ 1.5 மி.மீ. முடி நிற்கும், வளர்ந்துவிடும். கழுத்துப்பட்டை உரசுகிற இடத்தில்தான் சடை திரும்ப வரும். வீட்டுக்குள் பட்டையைக் கழற்றிவிடுவது எந்தப் பிரஷையும்விடப் பயன்.

நாலுகால்

ஸ்லிக்கர்னா எது? கடையில நூறு வகை தொங்குது. குமிழ் நுனி வச்சது தோலுக்கு மென்மைன்னு போட்டிருக்கான்.

சீப்பும்கையும்

குமிழ் நுனி குட்டை ரோமத்துக்குப் பரவாயில்லை. நீள ரோமத்தில் அந்தக் குமிழ் முடியைக் கவ்வி இழுக்கும். கொஞ்ச நாளில் சில குமிழ்கள் உதிர்ந்து, கம்பியின் மொட்டை முனை கீறத் தொடங்கும். தோலைக் காப்பது கையின் லேசும், கம்பி பதித்திருக்கிற மெத்தையின் நெகிழ்வும்தான். மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கம்பி உள்ளே அமுங்கி, விட்டால் திரும்பி வர வேண்டும். கல் மாதிரி இருந்தால் வைத்துவிடுங்கள். இந்த ஷெப்பர்டுக்குக் கம்பி நீளம் 2 செ.மீ.க்கு மேல். 1 செ.மீ. கம்பி உள்ள சின்ன ஸ்லிக்கர் மிகச் சிறிய இன நாய்களுக்கு.

பிடிப்பதும் முக்கியம். சுத்தியல் பிடிப்பது போல முஷ்டியில் பிடித்தால் தோளின் பலமே இறங்கும். பேனா பிடிப்பது போல மூன்று விரலில் பிடியுங்கள், அழுத்த நினைத்தாலும் முடியாது. கம்பித்தளம் முழுதும் ஒரே நேரத்தில் பட வேண்டும். மணிக்கட்டைச் சுழற்றினால் ஓரக் கம்பிகள் மட்டும் தோலில் வட்டமாகக் கீறும். பிரஷ் எரிச்சல் என்று வரும் சிவப்பு பெரும்பாலும் அந்த ஓரத்தால்தான்.

பின்தொடையில் வரிசை பிரித்து வாருங்கள். கீழிருந்து தொடங்கி, இடது உள்ளங்கையால் ரோமத்தை மேல்நோக்கி ஒதுக்கிப் பிடித்தால் தோல் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். கோட்டுக்குக் கீழே உள்ள முடியை மட்டும் வேரிலிருந்து வெளியே வாருங்கள். முடிந்ததும் கையை ஒரு விரல்கடை மேலே நகர்த்தினால் அடுத்த கோடு. மேலோட்டமாக வாரினால் மேலே பட்டுப்போல இருக்கும், அடியில் கம்பளம் நெய்துகொண்டே போகும்.

ஸ்டீல் சீப்பு வாரும் கருவி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது பரீட்சை வைக்கிற வாத்தியார். பாதி அகலப் பல், பாதி நெருக்கப் பல் உள்ள நீளச் சீப்பு. அகலப் பக்கம் தோலைத் தொட்டபடி தடையில்லாமல் போக வேண்டும், பிறகு நெருக்கப் பக்கம். எங்கே நிற்கிறதோ அங்கே ஸ்லிக்கர் மறுபடி. ஆக வாங்க வேண்டியவை மூன்று: ரேக், ஸ்லிக்கர், சீப்பு. பின் பிரஷ் நீளப் பட்டுமுடி நாய்களுக்கு, இந்த நாய்க்கு அது முதுகு சொறிந்துவிடும், அவ்வளவே. ரப்பர் கையுறையைக் குளியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறுமாதக்குட்டி

வேக்குவம் கிளீனரோடு மாட்டுகிற சீப்பு எப்படி?

நாலுகால்

முடி வீட்டுல பறக்காது, அது நிஜம். ஆனா உறிஞ்சு குழாய் முடியை வேர்ல இருந்து கழட்டாது. சீப்பு கழட்டினதை வாங்கிக்கும். சீப்புப் பல் குட்டைன்னா உள்ள போகாது. குட்டிக்குன்னா முதல்ல மெஷினைப் பக்கத்து அறையில ஓடவிட்டுச் சத்தத்தைப் பழக்குங்க.

ஈரத்துண்டு

எல்லாரும் கைக்கருவியிலேயே நிற்கிறீர்கள். கொத்துக் கொத்தாக வரும் மூன்று வாரத்தை ஒரு வாரமாக்குவது குளியலும் ஊதுகாற்று டிரையரும்தான். வரிசை மாறக் கூடாது.

முதலில் உலர்ந்த நிலையில் சடை, சிக்கு எல்லாம் எடுத்துவிட வேண்டும். நனைந்தால் சடை இறுகி, காயும்போது அமுக்கிய கம்பளி போலக் கெட்டிப்படும். முடி மொறுமொறுவென்று காய்ந்திருந்தால் வாருவதற்கு முன் நுண்துளி ஸ்ப்ரே ஒன்றிரண்டு. வறண்ட முடி உடையும், நிலைமின்சாரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பிறகு வெதுவெதுப்பான தண்ணீர். ஷெப்பர்டின் ரோமம் தண்ணீரை உருட்டிவிடும்; மேலே நனைந்து தோல் காய்ந்தே இருக்கும். ஷவரைத் தோலை ஒட்டிப் பிடித்து, முடிக்கு எதிர்த்திசையில் தள்ளினால்தான் இறங்கும். ஷாம்புவைப் புட்டியில் எழுதியபடி தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள், நேராக ஊற்றினால் ஒரே இடத்தில் தங்கும். நுரையில் ரப்பர் கையுறை, பிறகு கண்டிஷனர், அதிலும் ஒரு முறை கையுறை. அலசுவதற்கு, போட்டதற்கு எடுத்த நேரத்தைப்போல இரண்டு மடங்கு. அக்குளிலும் தொடை இடுக்கிலும் மிஞ்சுகிற ஷாம்புதான் பின்னால் அரிப்பு.

துண்டால் ஒற்றியபின் டிரையர். மனிதர்கள் தலைக்குப் பிடிப்பது வெப்பம் அதிகம், காற்றுக் குறைவு; காயவைக்கும், முடியைத் தள்ளாது. நாய்க்கானது வேகக்காற்று, அதன் வெதுவெதுப்பு பெரும்பாலும் மோட்டாரிலிருந்து வருவது. அடிக்கடி உங்கள் கையை முன்னால் நீட்டிச் சூடு பாருங்கள். பின்னால் இருக்கும் வடிகட்டியில் முடி அடைத்தால் காற்று குறைந்து சூடு ஏறும். தொடக்கம் பின்தொடையில், குறைந்த வேகத்தில், ஒரு முழம் தள்ளி. நாய் ஒத்துக்கொண்டால் நெருங்குங்கள். சரியான தூரத்தில் தோல் வட்டமாகத் திறந்து தெரியும். அந்த வட்டத்தின் ஓரத்தில் உள்முடி பஞ்சாகக் கிளம்பிப் பறக்கும். வட்டத்தை மெல்ல நகர்த்திக்கொண்டே போங்கள். பின்தொடை நீள முடியில் மட்டும் டிரையரின் கூம்பு மூக்கைக் கழற்றிவிட வேண்டும். குவிந்த காற்று நுனிகளைச் சாட்டை போல அடித்து முடிச்சுப் போட்டுவிடும்.

முகத்துக்கு ஊதக் கூடாது, துண்டுதான். சத்தம் காதுக்குக் கடுமை. பஞ்சு வைத்து, தலையைச் சுற்றி மெல்லிய துணிப்பட்டை போடுங்கள். முடிந்ததும் பஞ்சை எடுக்க மறக்காதீர்கள், வைத்த எண்ணிக்கையை நினைவில் வையுங்கள். தட்டை மூக்கு நாய், வயதான நாய், இதய நோய் உள்ள நாய்க்கு இடைவெளி விட்டு விட்டு. வாய் அகலத் திறந்து இரைத்தால் நிறுத்திவிடுங்கள். அடிமுடி ஈரத்தோடு விட்டால் ஒரே இரவில் ஈரப்புண் கிளம்பும், அதனால் 'மேலே காய்ந்துவிட்டது' என்று பாதியில் விடக் கூடாது. முடி முழுக்கக் காய்ந்தபிறகுதான் ரேக், அதன்பின் சீப்புப் பரீட்சை. ஊதுகிற இடம் வெளியில் அல்லது கதவு மூடிய குளியலறை, உங்களுக்கு முகக்கவசம்.

சோபாமுடி

நன்றி எல்லாருக்கும். சடை விரலால் பிரிந்துவிட்டது, கிளிப்பர் தேவைப்படவில்லை. ரேக்கில் வந்ததைத் தாளில் போட்டுப் பார்த்தேன்: பஞ்சுதான், நேரானது பத்துக்கு ஒன்றே, அதுவும் குமிழோடு. இன்னும் இரண்டு சந்தேகம். முதுகில் கொறித்த முடி எப்போது சரியாகும்? கருவிகளை எப்படிச் சுத்தம் செய்வது, ஸ்லிக்கர் மெத்தை தண்ணீரில் கெடாதா?

சீப்பும்கையும்

வெட்டுப்பட்ட முடி அப்படியே நீளாது. அது உதிர்ந்து, புதிது முளைத்து, மேல்மட்டம் வர மாதங்கள் ஆகும். அடுத்த பெரிய கொட்டு முடிந்தபின் வித்தியாசம் தெரியும். அதுவரை முதுகில் வாரத்துக்கு ஒரு முறை ரேக், இரண்டு மூன்று இழுப்பு மட்டும்.

ஸ்லிக்கரில் சேர்ந்த முடியைச் சீப்பின் பல்லால் அடியிலிருந்து தூக்கினால் ஒரே பாயாகக் கழன்று வரும். மாதம் ஒரு முறை கம்பிப் பக்கத்தை மட்டும் சோப்புத் தண்ணீரில் பழைய பல் பிரஷால் தேய்த்து, கம்பி கீழ்நோக்கி இருக்கும்படி துணிமேல் கவிழ்த்துக் காயவையுங்கள். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் மெத்தைக்குள் இறங்கி, கம்பியின் அடி துருப்பிடிக்கும். வளைந்த கம்பி ஒன்றிரண்டு என்றால் குறட்டால் நிமிர்த்தலாம். ஒரு பக்கம் மொத்தமாகச் சாய்ந்துவிட்டால் மாற்றுங்கள், அந்தப் பக்கம்தான் தோலைக் கீறும்.

தோல்பார்

ஒரு சேர்க்கை: படர்தாமரை உறுதியான நாய்க்குப் பயன்படுத்திய மெத்தை பிரஷையும் ரப்பரையும் கழுவிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், எறிந்துவிடுங்கள். பூஞ்சை வித்து முடித்துணுக்கில் பல மாதம் உயிரோடு இருக்கும். வழவழப்பான ஸ்டீல் சீப்பை மட்டும் சோப்பில் தேய்த்துக் கழுவி, பிறகு கிருமிநாசினியில் ஊறவைத்து மீட்கலாம். வீட்டில் இரண்டு நாய் என்றால் தொடக்கத்திலிருந்தே ஆளுக்கொரு சீப்பு.

சோபாமுடி

ஒரு நாய்தான். இப்போதே கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது, சடை எடுத்ததை மறக்கவில்லை போல.

சீப்பும்கையும்

நாளைக்கு ரேக்கின் முதுகுப்பக்கத்தை, பல் படாமல், விலாவில் இரண்டு முறை தடவிவிட்டுத் தின்ன ஏதாவது கொடுத்து அனுப்பிவிடுங்கள். பல் பக்கம் மூன்றாம் நாள்.